எலுமிச்சை மேல் ஏறாத சக்கரம்

அங்கயற்கண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதில் ஏறி உட்கார்ந்தாலும் அது எவ்வளவு உலுக்குகிறது என்று மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டே வருவாள். பஸ், ஆட்டோ, லிஃப்ட், கல்யாண மண்டபத்து ஊஞ்சல் எதுவும் அவளிடம் தப்பாது. விமானத்தின் கால்கள் எவ்வளவு கனம் தாங்கும், எவ்வளவு வளையும், எப்போது முறியும் என்று இருபது வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

அந்த டிசம்பர் காலையில் தூத்துக்குடி ஸ்டேஷனில் அவளை ஏற்றிக்கொண்ட வேன் அவளைத் தோற்கடித்தது. வேம்பாறு விமானத் தளம் ஐம்பது கிலோமீட்டர். மழை பெய்து பெய்து ரோடு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. பால வேலைக்காக நாலு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. நாலு தடவையும் வேன் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் நகராமல் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“நல்லா ஓட்டுறீங்கண்ணே,” என்றாள்.

டிரைவர் ஐம்பதை நெருங்கும் ஒல்லியான மனிதர். கண்ணாடியில் அவளை ஒரு கணம் பார்த்தார். “ஓசூர்லயிருந்தா வாரிய?”

“ஆமா. நாடி கேள்விப்பட்டிருக்கீங்களா? விமானத்துக் காலு எவ்வளவு கனம் தாங்குச்சுன்னு சொல்ற கருவி. அந்தக் கணக்கு என்னோடது.”

“கேள்விப்படாம இருக்குமா,” என்றார். அதற்குப் பிறகு தளம் வரும்வரை வாய் திறக்கவில்லை. அங்கயற்கண்ணிக்கும் அது தோதாகப் போயிற்று. விசாரணைக் கோப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். தென்கரை ஏர் என்ற கம்பெனி கடலோர ஊர்களுக்கிடையே ‘சிட்டு’ என்ற மின் விமானங்களை விடுகிறது. ஒன்பது பேர் உட்காரலாம். சிட்டுக்கு மடங்காத கால்கள் இரண்டு. வில் போல வளைந்த கார்பன் நார்க் கால்கள். அந்தக் கால்களுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைப் பதித்து, ஒவ்வொரு தடவை தரை தொடும்போதும் கால் எவ்வளவு வளைந்தது, அதன் அடிப்படையில் எவ்வளவு பாரம் ஏறியது என்று கணக்கிடச் செய்தவள் அங்கயற்கண்ணி. டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பதுபோலக் காலைப் பிடித்துப் பார்ப்பதால் அதற்கு நாடி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். விமானம் சும்மா நிற்கும்போது உள்ள பாரம் ஒன்று. அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் போனால் அது முரட்டு இறக்கம்.

கால் முறிவதற்கு முன்னால் எச்சரிப்பதற்காகத்தான் அவள் அதைச் செய்தாள். கம்பெனிக்காரர்கள் அதில் இன்னொரு உபயோகத்தைக் கண்டுபிடித்தார்கள். கால் சொல்லும் எண்ணை விமானியின் மார்க்காக எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் மூன்று முரட்டு இறக்கம் என்றால் விமானியின் இருக்கை பறிபோகும். மார்க் எல்லாக் கம்பெனிகளுக்கும் போய்விடும் என்பதால் வேறெங்கும் வேலை கிடைக்காது. மேல்முறையீடு என்று ஒன்று பேருக்கு இருந்தது. எண்ணோடு வாதாடி யார் ஜெயிக்க முடியும்?

இப்போது மூன்று தடவை மாட்டியிருப்பவர் கேப்டன் இம்மாகுலேட் மச்சாது. ஒன்பது வருஷ அனுபவம். முதல் தடவையாக ஒரு விமானி, கணக்குப் போட்டவரையே நேரில் வரச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை. அங்கயற்கண்ணி சந்தோஷமாகவே கிளம்பி வந்தாள். தன் கணக்கைப் பற்றி அவளுக்கு இருந்த நம்பிக்கை, பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட அவளுக்கு இருந்ததில்லை.

விமானக் கொட்டகையில் ஒரு சிட்டு நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இம்மாகுலேட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உயரமான பெண், முப்பத்தெட்டு வயது, தூத்துக்குடிக் கடற்கரைக்காரர் என்று முகத்தின் வெயில் நிறமே சொல்லியது. தலைமை மெக்கானிக் சுயம்புலிங்கம் நெற்றி நிறைய திருநீறோடு காப்பி டம்ளரை நீட்டினார்.

“முதல்ல குடிங்க மேடம். சண்டைய அப்புறம் வச்சுக்கிடலாம்.”

“சண்டைக்கு வரல சார். விளக்கம் சொல்லத்தான் வந்திருக்கேன்.” அங்கயற்கண்ணி இம்மாகுலேட்டின் பக்கம் திரும்பினாள். “கேப்டன், அந்த மூணு இறக்கமும் ஞாபகம் இருக்கா?”

“இறக்குன எல்லாமே ஞாபகம் இருக்கு மேடம். மூணும் மழையில. கடல்லயிருந்து பக்கக்காத்து. கொஞ்சம் அழுத்தித்தான் வச்சேன், இல்லங்கல. ஈரத்துல மெத்துமெத்துனு இறக்குனா சக்கரம் தண்ணி மேல மெதக்கும், பிரேக் பிடிக்காது. அழுத்தி வைக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே இந்தக் கம்பெனிதான்.”

“அழுத்தி வைக்கலாம். ரெண்டரையத் தாண்டாம வைக்கணும்.”

“தாண்டல. என் இடுப்புக்குத் தெரியும்.”

அங்கயற்கண்ணி சிரித்தாள். கேலி இல்லை, எத்தனையோ விமானிகளிடம் கேட்ட பதில். “இடுப்பு ஒண்ணு சொல்லும், இழை ஒண்ணு சொல்லும் கேப்டன். இழைக்குக் கோவமும் கெடையாது, பயமும் கெடையாது. இந்தத் தளத்துல வருசா வருசம் அக்டோபர் வாக்குல மார்க் ஏறும், பிப்ரவரியில எறங்கும். ஆறு வருசமா அப்படித்தான். வடகிழக்குப் பருவக்காத்து. நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்.”

அந்தக் கட்டுரைக்கு விருது கிடைத்ததை அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு அடக்கம் காரணமல்ல. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். அந்தக் காற்றுக்காகவே வேம்பாற்று விமானங்களின் கால்களை இரண்டு கிலோ கூடும்படி தடிமனாக்கியிருந்தார்கள்.

இம்மாகுலேட் விமானத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இப்ப சும்மாதான நிக்குது? காத்து இல்ல, மழை இல்ல, நானும் உள்ள இல்ல. இப்ப என்ன கனம்னு உங்க நாடி சொல்லும்?”

“ஒண்ணுன்னு சொல்லும்.”

“பாத்திருக்கியளா?”

பார்த்ததில்லை. நாடி எண் சொல்வது இறக்கத்தின்போது மட்டும்தான். சும்மா நிற்கும் விமானத்தை யாராவது எடை போடுவார்களா? அங்கயற்கண்ணி பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, காலோடு கம்பியை இணைத்து, நாடியைத் தட்டி எழுப்பினாள். அந்தப் பெண்ணின் மனம் ஆறட்டும் என்றுதான் செய்தாள்.

திரையில் வந்த எண்: 1.35.

கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினாள். 1.35. அடுத்த காலில் பார்த்தாள். 1.34. காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

சும்மா நிற்கிற விமானம் தன்னைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கனப்பதாக அவளுடைய கருவி சாதித்தது. இம்மாகுலேட்டின் மூன்று இறக்கங்களையும் அவள் மனதிலேயே கழித்துப் பார்த்தாள். 2.58 போய் 2.23. 2.61 போய் 2.26. 2.55 போய் 2.20. ஒன்றுகூட இரண்டரையின் பக்கத்தில் வரவில்லை.

“என்ன மேடம், நாடி என்ன சொல்லுது?” என்றார் சுயம்புலிங்கம்.

“கொஞ்சம் பொறுங்க சார்,” என்றாள். தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

கண்ணாடி இழை பழக்கத்தில் கொஞ்சம் இளகும். அதனால் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பதுபோல நாடி அவ்வப்போது தன்னைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு விமானம் பன்னிரண்டு மணி நேரம் யாரும் தொடாமல், இம்மியும் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது உள்ள வளைவை எடுத்துக்கொண்டு, இதுதான் ஒன்று என்று நாடி நிலை பிடித்துக்கொள்ளும். கடைசியாக எப்போது நிலை பிடித்தது என்று பார்த்தாள். தேதியை வாய்விட்டுச் சொன்னாள்.

“அது ஆயுத பூசைல்லா,” என்றார் சுயம்புலிங்கம்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“என்ன நடக்கும்? சாயந்தரம் பூசை. அதுக்கப்புறம் மறுநா காலை வரைக்கும் ஒரு ஸ்பானரத் தொடமாட்டோம். பறக்கவும் செய்யாது. வருசத்துல அந்த ஒரு ராத்திரிதான் நாங்க அதத் தொடாம இருக்கிறது. மத்த நாளெல்லாம் ஏதாச்சும் நோண்டிக்கிட்டேதான இருப்போம்.”

அதுவரை சரி. வருஷம் முழுக்க ஓய்வில்லாத விமானத்துக்கு ஒரு ராத்திரி ஓய்வு கிடைத்திருக்கிறது. நாடியும் அந்த ராத்திரியைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நின்ற விமானம் நின்ற விமானம்தானே? தப்பு எங்கே நுழைந்தது?

கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆறு படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. வருஷத்துக்கு ஒன்றாக ஆயுத பூஜைப் படங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் மாலை போட்ட சிட்டு. சுற்றிலும் வேட்டி கட்டிய மெக்கானிக்குகள், சீருடையில் விமானிகள். கால்களில் சந்தனப் பட்டை, குங்குமம். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள். அங்கயற்கண்ணி ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று கால்களைப் பார்த்தாள். இரண்டாவது படத்தில் தொப்பி போட்ட ஓர் ஒல்லியான விமானியின் முகம் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. கால்களைப் பார்க்க வந்தவளுக்கு முகத்தில் நிற்க நேரமில்லை.

திரும்பி, கொட்டகையில் நிற்கும் நிஜ விமானத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்துச் சிட்டு கொஞ்சம் ஒடுங்கி நின்றது. கால்கள் கூச்சப்படுவதுபோல உள்வாங்கியிருந்தன.

“சார், பூசைக்கு முன்னால விமானத்தத் தூக்கினீங்களா?”

“பின்ன? ஜாக்கி போட்டுத் தூக்கித்தான சக்கரத்துல சுத்தி வரச் சந்தனம் பூசணும்?” சுயம்புலிங்கம் கொஞ்சம் வெட்கப்பட்டார். “அதுபோக, நான் ஒரு வழக்கம் வச்சிருக்கேன் மேடம். காலையிலயே தூக்கிருவேன். எல்லா ஆயுதத்துக்கும் ஓய்வு குடுக்கோம், வருசம் பூராப் பாரம் தாங்குற காலுக்கு மட்டும் கெடையாதா? பூசை வரைக்கும் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுருவேன். மத்தத் தளத்துல இப்படிச் செய்யமாட்டாங்க. நாந்தான் ஆரம்பிச்சேன்.”

“அப்புறம்?”

“பூசை நேரத்துக்குக் கீழ எறக்கி, சக்கரத்துக்கு முன்னால எலுமிச்சைய வச்சு, சூடம் காட்டிருவோம்.”

“கீழ இறக்கினதும் உருட்டினீங்களா?”

அவர் முகம் மாறியது. முப்பது வருஷம் கையில் எண்ணெய் பட்டவர். கேள்வி எங்கே போகிறது என்று அவருக்கு அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

“இல்ல,” என்றார் மெதுவாக. “மத்த நாள்னா உருட்டிருவோம். ஜாக்கியிலயிருந்து எறக்கினா காலு ஒடுங்கியேதான் நிக்கும் மேடம். டயரு தரையக் கவ்விக்கிடும், விரிய விடாது. நாலடி உருட்டினாத்தான் விரிஞ்சு தன் நெலைக்கு வரும். எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு உருட்டக் கூடாதுல்லா. மறுநா காலையில நல்ல நேரம் பாத்து எலுமிச்சை மேல ஏத்தித்தான் வெளிய எடுப்போம்.”

எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஓசூரில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இருபது வருஷம் கால்களை வளைத்துப் பார்த்த அங்கயற்கண்ணிக்குத் தெரியாது. அவள் வரைந்த படங்களில் தரை வெறும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பிடிப்பு கிடையாது. விமானம் நின்றால் கால்கள் உடனே சமர்த்தாக விரிந்துகொள்ளும். அவள் காது மடல்கள் சூடாயின. வெட்கம் என்றால் வெட்கம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ள அவள் முயலவில்லை.

“ஜாக்கி எடுங்க சார்,” என்றாள். “இப்பவே தூக்கி எறக்கிப் பாத்துருவோம். கேப்டன், நீங்களும் கூட இருங்க.”

விமானம் எழும்பியது. கால்கள் தொங்கின. பத்து நிமிஷம் கழித்து மெல்லக் கீழே இறக்கினார்கள். சக்கரங்கள் சிமெண்டுத் தரையைத் தொட்டு அப்படியே கவ்விக்கொண்டன. அங்கயற்கண்ணி திரையைப் பார்த்தாள்.

1.00.

சுயம்புலிங்கம் என்ன நினைத்தாரோ, கேன்டீன் பக்கம் போய் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். “அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்வோம் மேடம். ஒண்ணும் கொறையக் கூடாது.” நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். எலுமிச்சை நசுங்கிய வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. சிட்டு நாலடி நகர்ந்ததும் கால்கள் இரண்டும் ஓசையில்லாமல் அகன்றன. எண் ஏறியது. 1.12. 1.27. 1.35. அங்கேயே நின்றது.

இம்மாகுலேட் மச்சாது விமானத்தின் இறக்கையில் நெற்றியை வைத்து நின்றார். தோள்கள் இரண்டு தடவை குலுங்கின; அவ்வளவுதான். நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. “இடுப்பு பொய் சொல்லலல்லா?” என்றார்.

“சொல்லல கேப்டன்.”

சுயம்புலிங்கம் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். “அப்போ நாந்தான் கெடுத்தேனா? காலுக்கு ஓய்வுன்னு சொல்லிச் சொல்லி, கேப்டனுக்குக் குழி தோண்டிட்டேனா?”

அங்கயற்கண்ணி அவர் பக்கத்திலேயே குந்தினாள். “நீங்க காலுக்கு நல்லதுதான் சார் செஞ்சீங்க. ஓய்வா நிக்கிறதுன்னா என்னன்னு நாடிக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியவ நான். நான்தான் சொல்லிக்குடுக்கல.” சொல்லிவிட்டு நிமிர்ந்தவளின் கண் சுவரின்மேல் போயிற்று.

ஆறு படங்கள். ஆறு வருஷம். ஆறிலும் கால்கள் ஒடுங்கியிருந்தன.

அக்டோபரில் ஏறும். பிப்ரவரியில், வருஷாந்திரச் சோதனை முடிந்து, உருட்டிக் கொண்டுபோய் வெளியே நிறுத்தி, சான்றிதழுக்காக ஒரு நாள் காத்திருக்கும்போது, நாடி சரியான நிலை பிடிக்கும், மார்க் இறங்கும். பருவக்காற்று அல்ல, எலுமிச்சம்பழம். ஜனவரியில் மழை விட்ட பிறகும் ஏன் இறங்கவில்லை என்று ஒரு கருத்தரங்கில் யாரோ கேட்டதும், ‘ஓடுதள ஈரம்’ என்று சமாளித்துக் கைதட்டு வாங்கியதும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. இவ்வளவு வருஷமாக ஈரத்தில் அழுத்தி வைத்த ஒழுங்கான விமானிகள் மாட்டிக்கொண்டார்கள். மார்க்குக்குப் பயந்து மெத்தென்று இறக்கி, ஓடுதளத்தின் கடைசிவரை வழுக்கிக்கொண்டு போனவர்கள் தப்பித்தார்கள்.

“கேப்டன், ஆறு வருசத்துல இந்தத் தளத்துல எத்தனை பேருக்கு சீட் போச்சு?”

இம்மாகுலேட் யோசிக்கவே இல்லை. “பதினோரு பேரு.”

நாலு மணிக்குத் திரையில் ஓசூர்த் தலைமை அலுவலகம் வந்தது. கம்பெனியின் விமான இயக்கப் பிரிவுத் தலைவரும் அவளுக்கு மேலதிகாரியுமான பரசுராமன் முடிவை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார் போலிருந்தது. அங்கயற்கண்ணி நடந்ததை முழுசாகச் சொன்னாள். கேன்டீனிலிருந்து வாங்கி வந்த இடுக்கியின் வாயைத் துணி விரிப்பின்மேல் வைத்து அழுத்திக் காட்டினாள், கால்கள் விரியவில்லை. வழுவழுப்பான மேஜைமேல் வைத்து அழுத்தினாள், விரிந்தன. பரசுராமன் புத்திசாலி. இரண்டாவது தடவை கேட்கவில்லை.

“சரி அங்கை. நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு. கேப்டன் மச்சாதுவோட கேஸை வாபஸ் வாங்கிடறோம். இழையில கோளாறுன்னு ஒரு வரி எழுதிடலாம். ஆயுத பூஜை அன்னைக்கு ஜாக்கி போடாதீங்கன்னு ஒரு சுற்றறிக்கை. முடிஞ்சுது.”

“மத்த பதினோரு பேரு?”

“அவங்க யாரும் கேக்கலையே.”

“எண்ணோட வாதாட முடியாதுன்னு நாமதான சார் சொன்னோம்? அப்புறம் எப்படிக் கேப்பாங்க?”

பரசுராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நாடி இன்னிக்கு நாற்பத்திரெண்டு தளத்துல இருக்கு. ஒரு எடத்துல தப்புன்னு எழுதிக் குடுத்தா எல்லா எடத்துலயும் கேள்வி வரும். உன் கட்டுரை, உன் விருது, உன் பேரு எல்லாம் போகும். யோசிச்சுக்கோ.”

அவள் மறுபடியும் யோசித்தாள். உள்ளதைச் சொன்னால், ஒரு பத்து விநாடி நன்றாகவே யோசித்தாள். அந்தக் கட்டுரை அவளுக்குப் பிடிக்கும். அதில் வரும் வளைவுக்கோடு ஒவ்வொன்றும் அவள் கையால் போட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இம்மாகுலேட் அவளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குக் கிடைத்துவிட்டது போதும் என்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

“கேள்வி வரட்டும் சார்,” என்றாள் அங்கயற்கண்ணி. “நாற்பத்திரெண்டு தளத்துலயும் சும்மா நிக்கிற விமானத்த நாளைக்குக் காலையில எடை போட்டுப் பாக்கச் சொல்லி எழுதியாச்சு. கணக்குப் பிழைன்னு அறிக்கையில என் பேரப் போட்டுக் கையெழுத்தும் வச்சாச்சு. விமானத் துறைக்கு அனுப்பினது மூணே முக்காலுக்கு. உங்களுக்கும் ஒரு பிரதி வந்திருக்கும்.”

பரசுராமன் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் உங்க பேச்ச மீறின மாதிரி ஆயிருக்கும்.”

இம்மாகுலேட் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

கிளம்பும்போது சுயம்புலிங்கம் வேன்வரை வந்தார். “அடுத்த வருசம் ஜாக்கி போடக் கூடாதா மேடம்?”

“போடுங்க. காலு ஓய்வெடுக்கட்டும். நாடிதான் திருந்தணும், நீங்க இல்ல.”

வேன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. அங்கயற்கண்ணிக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஆனால் மனது தெளிந்திருந்தது. இனி யாரும் அவளைக் கருத்தரங்குக்குக் கூப்பிடமாட்டார்கள், பரவாயில்லை. தப்பு எங்கே என்று தெரிந்த கணக்கை அவளால் சரிசெய்ய முடியும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இம்மாகுலேட் அனுப்பியிருந்த பட்டியலைக் கைபேசியில் திறந்தாள். பதினோரு பெயர்கள், பக்கத்தில் எண்கள். கம்பெனி கடிதம் போட ஒரு மாதம் ஆகும். அதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரையாவது பிடித்துவிடலாம். முதல் பெயர்: கேப்டன் ச. வெயிலுமுத்து. நாலு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதம். மூன்று இறக்கம்: 2.53, 2.51, 2.56.

என்ன சொல்வது என்று ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு எண்ணைத் தட்டினாள்.

வேனின் முன்பக்கம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், ஒரு கைபேசி ஒலித்தது.

முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. தன் காதில் மணி அடிக்கிறது. முன்னாலும் மணி அடிக்கிறது. டிரைவர் திரையில் தெரிந்த புது எண்ணைப் பார்த்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். காதில் கைபேசியோடு, பேச வாயெடுத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வேன் நின்றது. அந்த ஒரு நிறுத்தத்தில் மட்டும் அவள் உடம்பு முன்னால் போய் மோதித் திரும்பியது.

சுவரில் இரண்டாவது படம். தொப்பி போட்ட ஒல்லியான விமானி.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். “ஹலோ,” என்றார். “வெயிலுமுத்து பேசுதேன்.”

அவருடைய பிடரி அவளுக்கு இரண்டடி முன்னால் இருந்தது. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், சீருடைக்காரர்கள் வெட்டுவதுபோல. நேருக்கு நேர் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. கைபேசியிலேயே சொன்னாள்.

“கேப்டன் வெயிலுமுத்து, நான் அங்கயற்கண்ணி பேசுறேன். ஓசூர்லயிருந்து. நாடிக் கணக்குப் போட்டவ. நீங்க முரட்டுத்தனமா இறக்கல. மூணு தடவையும் சரியாத்தான் இறக்கியிருக்கீங்க. தப்பு என் கணக்குல. மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல. தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிரணும்னுதான்...”

எதிரே உப்பு லாரி ஒன்று வந்து கடந்து போனது. அதன் காற்றில் வேன் லேசாக ஆடி அடங்கியது.

“காலையில ஏத்தும்போதே சொல்லியிருக்கலாமே நீங்க,” என்றாள் அவள், இப்போது கைபேசியை இறக்கிவிட்டு.

“என்ன சொல்ல மேடம்? நான் நல்லாத்தான் எறக்குனேன்னு நாலு வருசமா எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. என் வீட்டுக்காரியே நம்பல.” அவர் கைபேசியைப் பார்த்தார், அழைப்பு இன்னும் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. “இத இப்பச் சொன்னியள்ல, இப்படியே அவட்ட ஒரு தடவ சொல்லுதியளா? நான் நம்பர் போட்டுத் தாரேன்.”

“நேர்லயே வந்து சொல்றேன்,” என்றாள் அங்கயற்கண்ணி. “வீடு எங்க?”

“சூரங்குடி. திரும்பிப் போவணும். ரயில விட்டுருவிய.”

“விட்டா விட்டுட்டுப் போகுது.”

அவள் கீழே இறங்கி, முன்பக்கம் வந்து, அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வெயிலுமுத்து முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபோது உப்பளம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வேன் எப்போது புறப்பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.